நாற்பது நாள் தண்ணீர்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவர்கள் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள், என் குரல் முன்னே மாதிரி இல்லை. ஒரு கதை சொல்கிறேன். தண்ணீரைப் பற்றிய கதை. நடுவில் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கை தேடும்.

அன்று காலை ஏழு மணிக்கு அளவுக்காரி வாசல் கதவைத் திறந்தபோது, சேற்றில் சிப்பித்தடம் தப்பான பக்கம் போயிருந்தது.

அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஏரிச்சிப்பிக்கு ஒரே ஒரு கால். தண்ணீர் பின்வாங்கினால் அந்த ஒற்றைக் காலால் சேற்றை உந்தி உந்தித் தண்ணீரைத் துரத்திக்கொண்டே போகும். போன வழியில் விரலால் இழுத்த மாதிரி ஒரு கோடு விழும். வேகம் போதாதவை பாதியில் வெயிலில் வாயைத் திறந்துவிடும், அங்கேயே கதை முடியும். ஏரி வற்ற ஆரம்பித்ததிலிருந்து அளவுக்காரி அந்தக் கோடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தாள். எல்லாம் மேட்டிலிருந்து ஏரிக்குள் இறங்கும் கோடுகள். இன்று பனிமூட்டத்துக்குள்ளிருந்து கிளம்பி, அவள் வீட்டைப் பார்த்து ஏறி வந்திருந்தன. வாசல்படியின் முதல் கல்லில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. செத்த சிப்பியின் திறப்பு இல்லை அது. தண்ணீருக்குள் நிம்மதியாக இருக்கிற சிப்பியின் திறப்பு.

அவள் அதைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். காலை அளவு சொல்லும் நேரம் ஆகியிருந்தது.

இவள் யார், என்ன அளவு என்று சொல்லிவிடுகிறேன். ஏரியின் ஆழமில்லாத கோடியில் ஒரு மேடு, மேட்டின் மேல் வேலையோடு சேர்த்துக் கொடுத்த ஒற்றை வீடு. காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஏரிக்குள் நட்டிருக்கும் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நோட்டில் எழுதி, மறுகோடியில் இருக்கும் மதகு ஆபீசுக்குப் போனில் சொல்வது அவள் வேலை. அந்த அளவை வைத்துத்தான் மதகைத் திறப்பார்கள், மூடுவார்கள். ஒரு எல்லைக்கோடு உண்டு, அதற்குக் கீழே தண்ணீரை விடக்கூடாது. விட்டால் மிச்சத் தண்ணீர் சூடாகி, மீனுக்கு மூச்சு இல்லாமல், ஏரி உயிரோடு அழுகும். கண்ணால் பார்த்தே தெரியாதா என்றால், தெரியும். ஆனால் எதிரே இருக்கிற ஏரியை விட்டுவிட்டுக் காகிதத்தில் இருக்கிற ஏரியை நம்புவது அந்த ஆபீசின் பழக்கம்.

தண்ணீர் கடைசிக் கம்பத்தையும் தாண்டி உள்வாங்கினால், சேற்றில் இறங்கிப் புதுக் கம்பம் நட வேண்டும். அப்படி நடும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள் நாத்தனார். புருஷனின் தங்கை. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் எங்கேயோ இருப்பவன். இந்த இரண்டு பெண்களும்தான் வீட்டில். நாத்தனாருக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அளவுக்காரிதான், அந்தப் பெயருக்குக் கடைசிவரை அவள் குறை வைக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி எதையோ சொல்லிச் சிரித்தவள், காய்ந்த பாசியில் வழுக்கிப் பாறையில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. முழங்கால் வரை மாவுக்கட்டு. அன்றைக்கு மறுநாளிலிருந்து அளவுக்காரி சேற்றில் இறங்கவில்லை. புதுக் கம்பமும் நடவில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும்? இரண்டு விரல். சரி, தினமும் இரண்டு விரல் கழித்து எழுதினாள். அடுப்படியில் உட்கார்ந்தே எழுதினாள்.

கட்டிலில் படுத்தபடி வாயாடி கிண்டல் செய்வாள், வீட்டுக்குள்ளே உட்கார்ந்து ஏரியை அளக்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் அண்ணி என்று. இருவரும் சிரிப்பார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

அன்று நாற்பதாவது நாள். போனில் எண்ணைச் சொன்னாள். மதகு எஞ்சினியர் வழக்கம்போல, எல்லைக்கோட்டுக்கு மேலே இன்னும் நிறைய இருக்கிறது, மதகு திறந்தே இருக்கட்டும் என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அடுப்படிச் சுவரில் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

தரையிலிருந்து அரைச் சாண் உயரம். அதற்குக் கீழே சுண்ணாம்பு ஈரத்தில் கறுத்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. கூடத்துக்குப் போனாள், அங்கேயும் அதே கோடு, அதே உயரம். சுவரின் ஓதம் இப்படி ஏறாது. ஓதம் அலை அலையாக, திட்டுத்திட்டாகத்தான் ஏறும். இது நூல் பிடித்து வரைந்தது மாதிரி நான்கு சுவர்களையும் சுற்றி வந்து தன்னைத் தானே சந்தித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும்தான் அப்படிக் கோடு விழும். இருபது வருஷமாகக் கோடு பார்த்தவளுக்குத் தெரியாதா?

அந்த நேரத்தில்தான் வெளியே சத்தமே இல்லை என்பது அவள் காதில் பட்டது. நீர்க்கோழி இல்லை, தவளை இல்லை. கோரைப்புல் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும், அதுவும் காற்றில் உரசுகிற மாதிரி இல்லை, மெத்தென்று, நிதானமாக, தண்ணீருக்கடியில் அசைகிற மாதிரி. ஏரியின் அடிச்சேற்று நாற்றம், நாற்பது நாளாக மூக்கில் ஊறிப்போன அந்த அழுகல் வாடை, காணாமல் போயிருந்தது. பதிலுக்குச் சுத்தமான, குளிர்ந்த, நிறைந்த ஏரியின் வாசனை. அது நல்ல வாசனைதான். அதனால்தான் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"அண்ணி, கட்டு உள்ளே நனைஞ்சிருக்கு போல. கால் ஜில்லுனு இருக்கு" என்றாள் வாயாடி, கட்டிலிலிருந்து.

தொட்டுப் பார்த்தாள். காய்ந்த மாவுக்கட்டு. உலர்ந்த விரிப்பு. ஒன்றுமில்லடி, பனிக்குளிர் என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் தூங்கும் பூனையை எடுத்து அவள் காலோரம் போடலாம், கொஞ்சம் சூடாக இருக்கும் என்று குனிந்தாள். பூனை சுருண்டுதான் படுத்திருந்தது. ரோமம் ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்து சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. உடம்பு முழுக்க உலர்ந்திருந்தது. அது மூழ்கிச் செத்திருந்தது.

அந்த வார்த்தை அவள் மனதில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் குனிந்தபடியே மூச்சை இழுத்தாள், மூச்சு வரவில்லை. மூக்கில் குளிர் ஏறியது. நெஞ்சு கல்லாக அடைத்தது. விருட்டென்று நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் காற்று சாதாரணமாக வந்தது. சுவரைப் பார்த்தாள். கோடு இப்போது ஒரு சாணில் இருந்தது.

தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கொளுத்திக் கீழே போட்டாள். கோட்டின் உயரத்துக்கு வந்ததும் சுர்ரென்று அணைந்தது. இன்னொன்று. சுர்ர்.

வாயாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தீக்குச்சி கொளுத்தி விளையாடும் வயசா உனக்கு என்று கேட்க வாயெடுத்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கட்டிலிலிருந்து அவள் பின்னல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி மெதுவாக விரிந்து, ஒவ்வொரு முடியாகப் பிரிந்து, மேலே மிதந்து வந்தது. ஒன்றுமில்லாத காற்றில், கோட்டின் மட்டத்தில், விசிறி மாதிரி பரவி நின்றது.

அளவுக்காரி அந்தப் பின்னலைச் சட்டென்று அள்ளி அவள் மார்பில் போட்டாள். பிறகு ஓடினாள்.

ஓடி எங்கே போவது? மேட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஒரே வழி, கோரைக்கு நடுவே மண் கொட்டி உயர்த்திய பாதை. மேட்டுச் சரிவில் பத்து அடி இறங்கியதும் குளிர் இடுப்புக்கு வந்தது. இன்னும் நாலு அடி, மார்புக்கு. அவள் உடம்பு நனையவில்லை. சேலைத்தலைப்பு மட்டும் முன்னால் எழுந்து மிதந்தது. கழுத்துக்கு வந்ததும் நின்றாள். பாதை இன்னும் ஆள் உயரம் கீழே இருந்தது. நீச்சல் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு கால்களை உதைத்துப் பார்த்தாள், பொத்தென்று மண்ணில் விழுந்தாள். அது ஆளைத் தூக்கவில்லை. பிடித்து நீந்த அதில் ஒன்றுமே இல்லை. தண்ணீரின் கெடுதல் எல்லாம் அதில் இருந்தது, தண்ணீரின் தயவு மட்டும் இல்லை.

மண்ணில் கையூன்றித் தவழ்ந்து மேலேறியபோது, பனிமூட்டத்துக்குள் எங்கோ பெரிய மிருகம் படுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாதை சரிந்திருந்தது. கரைக்கு அண்டை கொடுத்து நிற்பதே தண்ணீர்தான் கண்ணுகளா. அதை வேகமாக இறக்கினால் உள்ளே ஊறிப்போன மண் தன் பாரம் தாங்காமல் சரியும். இது அவளுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். இப்போது மேட்டைச் சுற்றிச் சேறு. படகு விடத் தண்ணீர் இல்லை, கால் வைக்கத் தரை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏரி ஒன்று மட்டும் இருந்தது.

மதகு ஆபீசுக்கு மறுபடி போன் செய்தாள். பாதை சரிந்துவிட்டது, நாத்தனார் நடக்க முடியாதவள், ஆள் அனுப்புங்கள் என்றாள். எஞ்சினியர், பாதை எப்படிச் சரியும், உங்கள் கணக்குப்படி தண்ணீர் மெதுவாகத்தானே இறங்கியிருக்கிறது என்று கேட்டார். அந்தக் கணத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வேலை போகும், வேலையோடு வீடு போகும் என்ற நினைப்பு முந்திக்கொண்டது. தெரியல சார் என்றாள். மதியத்துக்குள் வண்டி அனுப்புவதாகச் சொல்லி அவர் போனை வைத்தார்.

கோடு இரண்டு சாணைத் தொட்டிருந்தது. கட்டில் சட்டத்தின் உயரம்.

இனி யோசிக்க நேரமில்லை. வாயாடியைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு சாப்பாட்டு மேஜைமேல் இழுத்துப் போட்டாள். மாவுக்கட்டு ஒரு மூட்டை அரிசி கனம் கனத்தது. நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். வாயாடி நம்பினாளா என்றால், மேஜைக்குக் கீழே ஒரு முறை தலையைத் தொங்கவிட்டு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே நிமிர்ந்து, நம்பினாள். கால் மணிக்கு அரைச் சாண் ஏறுது என்று அளவுக்காரி சொன்னாள். அளப்பதில் மட்டும் அவளுக்கு இப்போது தப்பு வரவில்லை.

வீட்டுக்கு மொட்டைமாடி உண்டு. வெளியே பக்கச்சுவரோடு ஒட்டிய படிக்கட்டு. கைப்பிடிச்சுவர் கட்டப் போன வருஷமே கேட்டிருந்தாள், காகிதம் இன்னும் ஏதோ மேஜையில் கிடந்தது. முதுகில் நாத்தனாரைச் சுமந்துகொண்டு, மார்பளவு குளிரில், ஒரு கையால் சுவரைத் தடவித் தடவிப் படியைக் கண்டுபிடித்தாள். சுவரெல்லாம் சிப்பி. விரல் படும் இடத்திலெல்லாம் மெல்ல வாயை மூடிக்கொண்டன. இரண்டாவது படியில் முழங்கால் மடங்கியது. ஒரு நொடி வாயாடியின் முகம் கோட்டுக்குக் கீழே போனது. கழுத்தில் அவள் நகங்கள் பதிந்தன. எழுந்தாள். மூன்று. நாலு. மாடித்தரையில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்து, ஆகாயத்தைப் பார்த்து, வாய் கொள்ளாமல் காற்றைக் குடித்தார்கள்.

"அண்ணி, இதுக்குத்தான் என்னைக் கொஞ்சம் கம்மியா சாப்பிடச் சொன்னியா?" என்றாள் வாயாடி.

அளவுக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தரையிலிருந்து பத்து அடி மேலே இருந்தார்கள். பத்து அடிக்கு ஏறாது. ஏன் ஏற வேண்டும்?

மதியம் பனி விலகியது. அப்போது அவள் ஏரியைப் பார்த்தாள். நாற்பது நாளாகச் சரியாகப் பார்க்காத ஏரியை.

ஏரி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை வெடித்த கறுப்புச் சேறு. நடுவில் தகரத்தகடு மாதிரி ஒரு பச்சைக் கீற்று. நீர்க்கோழிகள் தண்ணீர் மேலே மிதக்கிற மாதிரிக் கட்டியிருந்த கூடுகள், கோரைத்தண்டுகளின் உச்சியில் ஆள் உயரத்துக்கு மேலே அந்தரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கின. தண்ணீர் தன் பாட்டுக்கு அடியிலிருந்து நழுவிப் போயிருந்தது. பச்சைக் கீற்றின் ஓரத்தில், எப்போதும் முழுகியே இருக்கும் உருண்டைப் பாறை முழுசாக வெளியே நின்றது. அந்தப் பாறை எந்த ஆழம் என்று அவளுக்கு மனப்பாடம். உதடு தானாக அசைந்து கணக்குப் போட்டது. ஒரு நாளைக்கு இரண்டு விரல் இறங்கவில்லை ஏரி. எட்டு விரல் இறங்கியிருந்தது. அவள் எழுதாமல் விட்டது தினம் ஆறு விரல். அதாவது அரைச் சாண்.

கால் மணிக்கு அரைச் சாண்.

கால் மணிக்கு ஒரு நாள்.

நாற்பது நாள். இருபது சாண். பதினைந்து அடி. மாடித்தரை பத்து அடியில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு இந்த மாடியில் ஐந்து அடி நிற்கும். உட்கார்ந்திருப்பவளுக்குத் தலைக்கு மேலே. நிற்கிறவளுக்கு? அளவுக்காரி நெட்டை. முகவாயை உயர்த்தினால் மூக்கு தப்பும். வாயாடி அவளைவிட அரைச் சாண் குட்டை, அதுவும் ஒற்றைக்காலில்.

இப்போது இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கம்பம் நடவில்லை, பார்க்கவில்லை, நாற்பது நாளும் பொய். ஏரி எல்லைக்கோட்டுக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு மேல் போய்விட்டது. மதகை மூடுங்கள் சார், ஏரி சாகுது என்றாள். வீட்டுக்குள் ஏறுவதைப் பற்றியும் சொன்னாள். அதை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார், "மூடிடறேன் அம்மா. ஆனா வெளியே போன தண்ணியை போன் போட்டுத் திருப்பிக் கூப்பிட முடியாது."

வாயாடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "என் காலுக்காகவா அப்படி எழுதினே?" என்றாள்.

"இல்லடி. சோம்பல்" என்றாள் அளவுக்காரி. அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவளிடம் சுமத்த மனம் வரவில்லை.

ஒரு நாற்காலியாவது வேண்டும். மேஜை கிடைத்தால் இன்னும் நல்லது. நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினாள். கீழே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, வெயில் ஆடி ஆடிச் சுவரில் வலை பின்னியது. வாசல் கதவைத் தள்ளினாள். மரம் ஊறி உப்பி, நிலையோடு இறுகிப் போயிருந்தது. தோளால் இடித்தாள். இன்னொரு முறை. உள்ளே ஏதோ கனமானது கதவின் மறுபக்கம் மெதுவாக உரசிக்கொண்டு போனது. முழு நீளத்துக்கும் உரசியது. கதவின் அகலத்தைத் தாண்டியும் உரசிக்கொண்டே இருந்தது.

வெறுங்கையோடு மேலே வந்தாள்.

மூன்று மணிக்குப் பெரிய சாலையில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். சரிந்த பாதையின் விளிம்பில் நின்று கையசைத்தார்கள். ஒருவன் சேற்றில் கால் வைத்துத் தொடைவரை போய், மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். பலகை கொண்டுவருகிறோம் என்று கத்தியது லேசாகக் கேட்டது. அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? வெயில் அடிக்கும் உலர்ந்த மொட்டைமாடி. அதில் இரண்டு பெண்கள். அவசரமாகத் தெரிந்திருக்காது.

மூன்றே கால். முழங்கால் தாண்டி, தொடைப் பாதியில்.

வாயாடியை நிற்க வைத்தாள். இடுப்பைச் சுற்றிக் கை போட்டுத் தாங்கிக்கொண்டாள். வாயாடி பேசிக்கொண்டே இருந்தாள். அண்ணன் வந்தால் இதை எப்படிச் சொல்வது, சொன்னால் நம்மைப் பூட்டி வைத்துவிடுவான். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக ஓட வேண்டும், எங்கே என்றில்லை, சும்மா ஓட வேண்டும். ஏரியே இல்லாத இடத்துக்குக் குடி போக வேண்டும். வார்த்தை தீர்ந்தால் ஏதோ ஆகிவிடும் என்பது போல.

நாலே கால். இடுப்பைத் தாண்டியது.

நாலரை. மார்பு. குளிர் விலாவுக்குள் கையை விட்டது.

நாலே முக்கால். வாயாடியின் முகவாய். தலையை அண்ணாந்துகொண்டாள். பேச்சு நின்றது.

"அண்ணி. என்னை விட்டுட்டு நீ நில்லு. உனக்கு எட்டும்."

கணக்கு அளவுக்காரிக்கும் தெரியும். தனியாக நின்றால் மூக்கு வெளியே. இவளைத் தோளில் ஏற்றினால் பாரத்தில் முதுகு வளையும், முழங்கால் மடியும், ஒரு விரல் கீழே போகும். ஒரு விரல்தான்.

குனிந்தாள். மூச்சடக்கி, நாத்தனாரின் கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்து, தோளில் வாங்கி, எழுந்தாள். மாவுக்கட்டு மார்பில் இடித்தது. இரண்டு கணுக்காலையும் இறுகப் பிடித்தாள். நின்றாள்.

அண்ணாந்து ஒரு வாய் காற்று கிடைத்தது. கடைசியாக இன்னொன்று.

ஐந்து மணி.

அரைச் சாண்.

மேலே, எங்கோ தொலைவில், போன் அடித்தது. அவள் வாயாடியின் கையில் கொடுத்து வைத்திருந்த போன். மாலை அளவு கேட்கும் நேரம். எஞ்சினியரின் குரல் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி கரைந்து கரைந்து வந்தது. மதகை முழுசாக இறக்கியாகிவிட்டது. இனி ஒரு சொட்டு வெளியே போகாது. நிற்கிற மட்டம் அப்படியே நிற்கும், அசையாது, கவலைப்படாதீர்கள். இப்போது அளவு எவ்வளவு?

நிற்கிற மட்டம் அப்படியே நிற்கும்.

அளவுக்காரி அதைக் கேட்டாள். கேட்டதும் புரிந்தது, இந்தத் தண்ணீரும் இனி இறங்காது. நெஞ்சு வெடித்தது. வாயைத் திறந்தாள்.

அளவு எவ்வளவு என்று குரல் மறுபடியும் கேட்டது.

"அண்ணி நெத்தி வரைக்கும், சார்" என்றாள் வாயாடி.

குளிர் உள்ளே வந்தது. வந்து நிறைந்தது. அவள் விழவில்லை. கால்கள் விழச் சம்மதிக்கவில்லை. கண்கள் திறந்தே இருந்தன, எல்லாவற்றையும் பார்த்தன. வெயில் சாய்ந்த பொன்னிறத்தில், கோரை அசைவதற்கு நடுவிலிருந்து, மீன்கள் வந்தன. விரல் நீள மீன்கள், வயிறு உப்பியவை, நூற்றுக்கணக்கில். ஆழமில்லாத இடத்துக் கொடிகளில்தான் அவை முட்டை வைக்கும். இந்த வருஷம் கரையோரக் கொடியெல்லாம் காய்ந்து பொடியாகிவிட்டது. இடம் தேடி அலைந்தவை. அவள் முகத்தருகே வந்து நின்று, மூக்கால் தொட்டுப் பார்த்து, அவிழ்ந்து பரந்து மிதந்த அவள் கூந்தலுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. நடுங்கின. ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன மணிகளாக, ஒரு முடி விடாமல், முட்டைகளை வைத்தன. உடம்பெல்லாம் கூசியது. கையை எடுத்து உதறலாம். உதறினால் மேலே இருப்பவள் விழுவாள். அவள் கணுக்கால்களை விடவில்லை. சாலையிலிருந்து பார்த்தவர்கள், உலர்ந்த மாடியில் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி உட்கார்ந்திருப்பதையும், கீழே நிற்பவளின் முடி மட்டும் காற்றே இல்லாமல் மேல்நோக்கி விரிந்து, அதில் ஆயிரம் கண்கள் மின்னுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சு விடவில்லை. நின்றுகொண்டிருந்தாள்.

போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் தண்ணீர் குடத்துக்குள்ளே நிறையட்டும், சுவரைத் தேடி வராதிருக்கட்டும். உங்களைச் சுமக்கிற தோள் வலிக்காதிருக்கட்டும், நீங்கள் சுமக்கிறவர்கள் கனக்காதிருக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே படுக்கிற எல்லாரும், சின்னது பெரியது எல்லாரும், விடிந்ததும் நல்ல மூச்சோடு எழுந்திருக்கட்டும்.